வெஸ்டர்ன் டாய்லெட்டுக்குப் பின்னால் வேஸ்ட் பைப் இணைப்பில் கசிவு: சிமெண்டா, ரப்பரா?

#1 காவிரிக்கரை (திருச்சி)

எல்லோருக்கும் வணக்கம். மாடிக் குளியலறையில் வெஸ்டர்ன் டாய்லெட், வைத்து 14 வருடம் ஆகிறது. கிளாசெட்டுக்குப் பின்னால் சுவருக்குள் போகும் வேஸ்ட் பைப் இருக்கிறதே, அந்த இணைப்பில் தண்ணீர் சொட்டுகிறது. முதலில் ஒரு பிளம்பர் வந்து ஒயிட் சிமெண்ட் பூசினார். 8 மாதம் சத்தமில்லை. மறுபடி சொட்ட ஆரம்பித்ததும் அவரே வந்து, அந்தச் சிமெண்டின் மேலேயே எபாக்சியைப் பிசைந்து அப்பிவிட்டுப் போனார். அது 3 வாரம்கூட நிற்கவில்லை. அவருடைய விரல் ரேகை அதில் அச்சு எடுத்தது போலப் பதிந்திருக்கிறது. அந்த ரேகைக்குக் கீழேதான் சொட்டு வந்து தொங்குகிறது.

நேர் கீழே ஸ்டோர் ரூம். கூரையில் டீக்கறை மாதிரி ஒரு வட்டம் விழுந்திருக்கிறது. அம்மா அரிசி டிரம்மை ஹாலுக்கு மாற்றிவிட்டார். வருகிறவர்களிடம் எல்லாம் டிரம் ஏன் ஹாலில் இருக்கிறது என்ற கதைதான் ஓடுகிறது.

மூன்றாம் முறை அதே ஆளைக் கூப்பிட மனமில்லை. நானே செய்யலாமா? டிரில்லிங் மெஷின், ஹாக்ஸா, ஸ்பானர் எல்லாம் இருக்கின்றன. அனுபவம் என்றால், குழாய்க்கு வாஷர் மாற்றியிருக்கிறேன். அவ்வளவுதான்.

#2 மொட்டைமாடி

பாத்ரூம் சிலிக்கான் ஒரு டியூப் வாங்கிச் சுற்றி அடித்துவிடுங்கள். 10 நிமிட வேலை. எங்கள் வீட்டில் அப்படித்தான் நின்றது.

#3 குழாய்க்காரன் (மதுரை)

தம்பி, மூன்றாவதாக இன்னொரு பூச்சு மட்டும் வேண்டாம். ஈரத்தின் மேல் சிலிக்கான் பிடிக்காது. பிடித்தாலும், உள்ளே கசிந்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் சுவருக்குள் இறங்கும். சொட்டு கண்ணில் படுகிறவரை நல்லது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

22 வருடமாக இதே வேலைதான் செய்கிறேன். முதலில் கசிவது அந்த இணைப்புதானா என்று பாருங்கள். டேங்கிலிருந்து கிளாசெட்டுக்கு வரும் ஃப்ளஷ் பைப்பின் வாஷர் போனாலும், ஆங்கிள் காக் (டேங்குக்குத் தண்ணீர் விடும் சுவர்க் குழாய்) கசிந்தாலும், தண்ணீர் பீங்கானின் முதுகு வழியாக வழிந்து வந்து இதே இடத்தில்தான் சொட்டும். வேஸ்ட் பைப் என்று நினைத்து கிளாசெட்டையே கழற்றிவிட்டு, கடைசியில் 20 ரூபாய் வாஷர் என்று தெரிந்தால் வயிறு எரியும். எனக்கே தொழிலுக்கு வந்த புதிதில் நடந்திருக்கிறது.

இரவு படுக்கும்முன் பின்பக்கம் எல்லாவற்றையும் நன்றாகத் துடைத்துவிட்டு, தரையில் செய்தித்தாள் விரியுங்கள். அதன்பிறகு யாரும் அந்த டாய்லெட்டைப் பயன்படுத்தக் கூடாது. காலையில் தாள் நனைந்திருந்தால் கசிவு நல்ல தண்ணீர்ப் பக்கம். காய்ந்திருந்தால், டேங்கைத் தொடாமல், ஒரு பக்கெட்டில் 10 லிட்டர் தண்ணீர் பிடித்து, வேட்டிக்குப் போடும் நீலத்தில் சில சொட்டு கலந்து, கிளாசெட்டுக்குள் நேரே ஊற்றுங்கள். நீலம் சொட்டினால் வேஸ்ட் பக்கம். பக்கெட்டுக்குச் சொட்டாமல், ஃப்ளஷ் செய்தால் மட்டும் சொட்டினால் ஃப்ளஷ் பைப்.

அப்புறம் கிளாசெட்டில் உட்கார்ந்து இடமும் வலமும் லேசாகச் சாய்ந்து பாருங்கள், அசைகிறதா என்று. வாஷ்பேசின் தண்ணீரோ குளிக்கிற தண்ணீரோ போகும்போது சொட்டுகிறதா என்பதையும் கவனியுங்கள். அப்படிச் சொட்டினால் கீழே எங்கோ அடைப்பு, தண்ணீர் எதிர்த்து ஏறுகிறது என்று அர்த்தம். அப்போது இணைப்பை மாற்றினாலும் பலன் இருக்காது.

#4 காவிரிக்கரை

செய்துவிட்டேன். இரவு விரித்த தாள் காலையில் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. பக்கெட் ஊற்றினேன், நான்கு நீலச் சொட்டுகள் விளையாட்டுப் பக்கத்தில் விழுந்தன. பேசின் தண்ணீருக்கு ஒன்றுமில்லை.

ஆட்டிப் பார்த்ததில்தான் விஷயம். வலப்பக்கம் சாய்ந்தால் 'டக்' என்று ஒரு சத்தம். ஒரு அட்டை கனத்துக்குக் கிளாசெட் தூக்கிக் கொடுக்கிறது. இவ்வளவு நாள் அதில் உட்கார்ந்திருக்கிறோம், யாரும் கவனிக்கவில்லை. பூசியவரும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

#5 குழாய்க்காரன்

அதுதான் காரணம். ஆடுகிற கிளாசெட்டுக்கும் ஆடாத சுவர் பைப்புக்கும் நடுவில் சிமெண்டை வைத்தால் அது என்ன செய்யும்? தலைமுடி அளவுக்கு விரிசல் விடும். நீங்கள் உட்கார்ந்து எழும் ஒவ்வொரு முறையும் அந்த விரிசல் திறந்து மூடும். மேலே எபாக்சி போட்டால் விரிசல் அதற்கும் ஏறும். போதாததற்கு பிவிசி வழுவழுப்பானது, சிமெண்ட் அதில் ஒட்டுவதே கிடையாது, சும்மா சுற்றி நிற்கும்.

கிளாசெட்டைக் கழற்ற வேண்டும். பழைய சிமெண்ட் முழுக்க எடுக்க வேண்டும். கிளாசெட் வாயையும் சுவர் பைப்பையும் இணைக்கும் ரப்பர் கனெக்டர் போட்டு, கிளாசெட்டை அசையாமல் முடுக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். தூக்கிப்பிடிக்க இன்னொரு ஆள் இருந்தால் நீங்களே செய்யலாம்.

#6 கொத்தனார் வீடு (கும்பகோணம்)

சிமெண்ட்டைச் சும்மா குறை சொல்கிறீர்கள். என் அப்பா கொத்தனார். ஸ்டோன்வேர் பைப்புக்குச் சணல் கயிறு சுற்றி, சிமெண்ட் கலவை அடைத்துப் போட்ட இணைப்புகள் 40 வருடமாக அப்படியே இருக்கின்றன. இன்றைக்கு வருகிறவர்களுக்குக் கைவேலை தெரியவில்லை, அதுதான் குறை.

#7 குழாய்க்காரன்

அப்பா செய்தது சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது மண் பைப், மண்ணுக்குள் புதைந்து கிடந்தது, அசைவே கிடையாது, வெயிலும் படாது. சணல் வேறு உள்ளே கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இங்கே ஒரு பக்கம் பீங்கான், மறுபக்கம் பிளாஸ்டிக், மேலே 80 கிலோ ஆள்.

#8 தூண்_விட்டம்

வெயில் என்றதும் ஒரு கணக்கு சொல்லத் தோன்றுகிறது. பிவிசி பைப் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரி சூட்டில் ஏறத்தாழ 0.06 முதல் 0.08 மில்லிமீட்டர் நீளும். வெளிச்சுவரில் நிற்கும் 3 மீட்டர் பைப் விடிகாலையிலிருந்து மதிய வெயிலுக்குள் 25 டிகிரி சூடேறினால் சுமார் 5 மில்லிமீட்டர் கூடும். செங்குத்துப் பைப்பில் எல்லா இணைப்பையும் சால்வென்ட் போட்டு ஒட்டியிருந்தால் அந்த நீட்சிக்குப் போக்கிடம் இல்லை. டாய்லெட்டிலிருந்து வரும் கிளைப் பைப்பைத்தான் இழுக்கும். அதற்காகத்தான் ரப்பர் ரிங் வைத்த பைப்புகள். திருச்சி மே மாதத்தில் உங்கள் சிமெண்ட் தினமும் ஒரு முறை இழுபட்டிருக்கும்.

#9 ரிங்ஃபிட்_அண்ணாச்சி (தூத்துக்குடி)

கடைக்காரன் பேசுகிறேன். 'டாய்லெட் ரப்பர் கொடுங்க' என்று வருகிறவர்களில் பாதிப் பேர் சாயங்காலம் திருப்பிக் கொண்டுவருவார்கள். அளவு இல்லாமல் வரக் கூடாது. கிளாசெட் வாயின் வெளி விட்டம் எவ்வளவு, பொதுவாக 100 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். சுவர் பைப்பின் உள் விட்டம் எவ்வளவு. தரையிலிருந்து கிளாசெட் வாயின் மையம் எத்தனை உயரம், பைப்பின் மையம் எத்தனை உயரம். இதைத்தான் பெரும்பாலும் மறப்பார்கள்.

வெளியே பார்ப்பதற்கு எல்லாம் 110 மில்லிமீட்டர் பைப்தான். ஆனால் ஐஎஸ் 13592 என்ற இந்தியத் தரத்தில் இரண்டு ரகம் உண்டு. டைப் ஏ மழைத் தண்ணீருக்கும் காற்றுக் குழாய்க்கும். டைப் பி கழிவுக்கு. 110 பைப்பில் ஏ ரகத்தின் சுவர் 2.2 மில்லிமீட்டர், பி ரகம் 3.2. பைப் மேலேயே அச்சடித்திருக்கும். துடுப்பு (பைப்புக்குள் போய்ப் பிடிக்கும் ரப்பர் விளிம்பு) வைத்த கனெக்டர் இரண்டுக்குள்ளும் போகும், ஆனால் ஏ ரகத்தில் பிடி கொஞ்சம் தளர்வாக இருக்கும். அதனால் துடுப்பு தடிமனானதாகப் பார்த்து வாங்குங்கள் தம்பி.

#10 அடுக்ககவாசி (சென்னை)

இவ்வளவு அளவெல்லாம் எதற்கு? அக்கார்டியன் மாதிரி நீளும் ஃப்ளெக்சிபிள் கனெக்டர் இருக்கிறது. எந்த உயரமானாலும் வளைந்துகொள்ளும். எங்கள் ஃப்ளாட்டில் 4 வருடமாக ஓடுகிறது.

#11 சன்னலோரம் (கோவை)

நீளும் ரகம் கடைசிப் போக்குத்தான். அதன் உட்புறம் மடிப்பு மடிப்பாக இருக்கும், கழிவும் பேப்பரும் அங்கே தங்கும். இழுத்து நீட்டி வைத்தால் நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்கும். நான் முதலில் அதைத்தான் போட்டேன், ஒரு வருடத்தில் அடைத்துக்கொண்டது. கழற்றியபோது பார்த்ததை இங்கே எழுத மாட்டேன், சாப்பிடுகிற நேரமாக இருக்கலாம். நேரான கனெக்டர் பொருந்தினால் அதுதான். மையம் கொஞ்சம் விலகியிருந்தால் ஆஃப்செட் கனெக்டர்.

நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து செய்தோம். காவிரிக்கரை, நாங்கள் செய்த தவறுகளைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள்.

கிளாசெட்டை எடுத்ததும் சுவர் பைப்பின் வாயில் பழைய துணியைத் திணிப்பீர்கள். நாற்றம் வராது, சிமெண்ட் துண்டு உள்ளே விழாது. அந்தத் துணியில் ஒரு கயிறு கட்டி, மறுமுனையைக் குழாயிலோ கதவிலோ கட்டிவிடுங்கள். நாங்கள் கட்டவில்லை. பழைய டர்க்கி டவல் ஒன்று செங்குத்துப் பைப்பில் இறங்கி, கீழே சேம்பர் மூடியைத் திறந்து மீன் பிடிக்கிற மாதிரி கொக்கி போட்டு எடுத்தோம்.

சிமெண்டை உடைக்கும்போது உளியைப் பீங்கான் பக்கம் சாய்க்கக் கூடாது. சிறிய டிரில் பிட்டால் சிமெண்டில் வரிசையாக ஓட்டை போட்டு, அப்புறம் லேசாகத் தட்டினால் துண்டு துண்டாக வரும். பீங்கான் வாய் உடைந்தால் புது கிளாசெட்தான்.

ரப்பர் சுலபமாக நுழைய வேண்டும் என்று எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள், ரப்பர் ஊதிக் கெடும். பாத்திரம் துலக்கும் சோப்புத் தண்ணீர் போதும்.

கிளாசெட் வாயில் தங்கிய கறையை எடுக்க டாய்லெட் கிளீனர் ஊற்றினால், அன்றைக்கு ப்ளீச்சிங் பவுடரைத் தொடாதீர்கள். அந்த ஆசிட்டும் ப்ளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அந்தச் சின்ன அறையில் மூச்சு முட்டும்.

#12 காவிரிக்கரை

அக்கா, டர்க்கி டவல் கதையை வீட்டில் வாசித்துக் காட்டினேன். அம்மா சிரித்துவிட்டு, 'நீயும் ஏதாவது உள்ளே விட்டுவிடாதே' என்றார்.

அளந்தேன். கிளாசெட் வாயின் மையம் 18.5 செ.மீ. உயரம். பைப் எட்டிப் பார்ப்பதற்குள் கழுத்து சுளுக்கிக்கொண்டது, 17 செ.மீ. இருக்கும். 1.5 செ.மீ. கீழே. வெளியே போய்ப் பைப்பைப் பார்த்தால், மங்கிப்போன எழுத்தில் டைப் ஏ. கட்டிக் கொடுத்தவர் கழிவுக்கு மழைநீர்ப் பைப்பைப் போட்டிருக்கிறார்.

#13 ரிங்ஃபிட்_அண்ணாச்சி

ஒரு பைப்புக்கு ஒரு மில்லிமீட்டர் மிச்சம் பிடித்திருக்கிறார். இப்போது அதை உடைக்க வேண்டாம், விரிசல் இல்லாதவரை ஓடட்டும். ஏணியோ குழந்தைகளின் பந்தோ அதில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பைப் தாழ்வாக இருப்பது நல்லதுதான், தண்ணீர் இறங்கி ஓடும். ஆஃப்செட் கனெக்டரை இறக்கம் கீழே பார்க்கிற மாதிரி திருப்பிப் போடுங்கள். தலைகீழாகப் போட்டால் இணைப்பிலேயே தண்ணீர் நிற்கும்.

#14 காவிரிக்கரை (ஞாயிறு, காலை 10.20)

ஆரம்பித்தாயிற்று. தம்பியைத் துணைக்கு அழைத்தேன், பிரியாணி வாங்கித் தருவதாகப் பேச்சு. ஆங்கிள் காக்கை மூடி, டேங்கைக் காலி செய்து, கிளாசெட்டில் நின்ற தண்ணீரை மக்கால் மொண்டு, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்தோம். அடிப்பக்க ஸ்க்ரூவைத் திருகினால் அது திருகவே இல்லை, கையோடு வந்துவிட்டது. உள்ளே மரக்கட்டை ப்ளக். உளுத்துப்போய், கிள்ளினால் வெல்லத்தூள் மாதிரி உதிர்கிறது. ஆட்டத்துக்குக் காரணம் இதுதான்.

#15 காவிரிக்கரை (பகல் 12.05)

சிமெண்ட் வளையம் முழுசாக வந்துவிட்டது. டிரில் போடக்கூட அவசியமில்லை, ஹாக்ஸா பிளேடின் ஒரு நுனியில் துணி சுற்றிப் பிடித்து இரண்டு இடத்தில் அறுத்தேன், பெயர்ந்தது. பைப்பை ஒட்டியிருந்த பக்கம் கண்ணாடி மாதிரி வழுவழு. குழாய்க்காரன் அண்ணன் சொன்னது போல எங்கேயும் ஒட்டவே இல்லை. நடுவில் கறுப்புக் கோடு ஒன்று ஓடுகிறது, தண்ணீர் வந்த வழி.

ஒரு சந்தேகம். பைப் வாய் டைல்ஸ் மட்டத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே இருக்கிறது, ஓரம் சில்லுச் சில்லாக இருக்கிறது. பரவாயில்லையா?

#16 குழாய்க்காரன்

துடுப்பு உள்ளே போய்த்தான் பிடிக்கும், அதனால் வாய் உள்ளே இருப்பது பரவாயில்லை. சில்லை உப்புத்தாளால் தேய்த்து, உள் ஓரத்தைச் சாய்வாக ஆக்குங்கள், இல்லாவிட்டால் துடுப்பைக் கிழித்துவிடும். உள்ளே ஒரு விரல் நீளத்துக்கு ஒட்டியிருக்கும் சிமெண்ட் பொருக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. கண்ணை நம்பாதீர்கள், கையுறை போட்டுக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள்.

தரையில் நைலான் ப்ளக் போடுங்கள், துருப்பிடிக்காத ஸ்க்ரூ. இரண்டு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒரே மூச்சில் முடுக்கினால் பீங்கான் 'பிளக்' என்று போய்விடும்.

#17 காவிரிக்கரை (மாலை 4.40)

கனெக்டரை முதலில் பைப்புக்குள் ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, கிளாசெட்டை நேராகப் பின்னால் தள்ளினோம். 20 கிலோவுக்குப் பக்கம் இருக்கும். மூன்றாவது முயற்சியில் ரப்பர் 'ப்ளுப்' என்று வாயைக் கவ்வியது. ரசமட்டம் வைத்து, முடுக்கி, உட்கார்ந்து ஆடிப் பார்த்தேன். அசையவில்லை.

பக்கெட் நீலத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு சொட்டுகூட இல்லை. ஐந்து முறை. பிறகு ஆங்கிள் காக்கைத் திறந்து ஃப்ளஷ் செய்தேன். தாளில் ஒரு சொட்டு. என் முகத்தைப் பார்த்து தம்பி பிரியாணியைப் பற்றிய பேச்சையே நிறுத்திவிட்டான்.

#18 சன்னலோரம்

சொட்டு நீலமா, வெள்ளையா?

#19 காவிரிக்கரை

வெள்ளை! அட, ஃப்ளஷ் பைப் வாஷர்! கழற்றி மாட்டியதில் மடிந்திருக்கிறது. 14 வருட ரப்பர், பிஸ்கட் மாதிரி ஒடிகிறது. இப்போதே கடைக்கு ஓடுகிறேன்.

(இரவு 7.30) புது வாஷர் போட்டேன். 10 ஃப்ளஷ். தாள் காய்ந்தே இருக்கிறது.

#20 மொட்டைமாடி

வாழ்த்துகள். இப்போதாவது சுற்றி சிலிக்கான் அடிக்கலாமா?

#21 குழாய்க்காரன்

அடிக்கலாம், தரையோடு சேரும் இடத்தில், முன்னாலும் பக்கத்திலும். பின்பக்கம் நான்கு விரல் அகலம் திறந்தே இருக்கட்டும். நாளைக்கு எது கசிந்தாலும் அந்த வழியாக வெளியே வந்து உங்களுக்குச் சொல்லும். சுற்றி அடைத்தால் அரிசி டிரம்முக்குத்தான் முதலில் தெரியும்.

#22 வைகைவாசி

இதே இழையில் கேட்கிறேன். எங்கள் வீட்டில் இந்தியன் கிளாசெட், ஒரிசா பேன். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம். அதற்கும் இந்த மாதிரி ரப்பர் உண்டா?

#23 குழாய்க்காரன்

அது வேறு வேலை ஐயா. ஒரிசா பேனில் பேனும் ட்ராப்பும் (தண்ணீர் நின்று நாற்றத்தைத் தடுக்கும் வளைவு) சேரும் இடம் தரைக்குள், சங்கன் போர்ஷனில் (தாழ்த்திக் கட்டிய தளத்தில்) ஜல்லி நிரப்பலுக்கு நடுவில் இருக்கும். தரையை உடைக்காமல் எட்டவே முடியாது. அதற்குமுன் கீழ்வீட்டு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்யுங்கள். குளிக்கும் இடத்து நாணி ட்ராப்பை (தண்ணீர் வெளியேறும் தரை ஓட்டையை) அடைத்து, 2 அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் விடுங்கள். மட்டமும் இறங்கி, கீழே ஈரமும் கூடினால் குற்றவாளி டாய்லெட் இல்லை, தரையின் வாட்டர்ப்ரூஃபிங். அடைப்பு ஏதும் இருந்தால் யாரையும் செப்டிக் டேங்குக்குள் இறக்கிவிடாதீர்கள். கையால் கழிவு அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி அது குற்றம். சட்டம் இருக்கட்டும், உள்ளே இருக்கிற வாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். வண்டி வைத்து உறிஞ்சட்டும்.

#24 காவிரிக்கரை (ஒரு மாதம் கழித்து)

தகவலுக்காக. பின்னால் விரித்த செய்தித்தாளை இன்னும் எடுக்கவில்லை. மஞ்சளாகிவிட்டது, நனையவில்லை. 380 ரூபாய் கனெக்டர், வாஷர், ப்ளக், ஸ்க்ரூ, சிலிக்கான் எல்லாம் சேர்த்தும் பிரியாணிச் செலவுதான் அதிகம்.

ஸ்டோர் ரூம் கூரை காய்ந்துவிட்டது. கறை மேல் நேரே பெயிண்ட் அடித்தால் மறுபடி தெரியும் என்று ஸ்டெயின் ப்ரைமர் வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் அம்மா அடிக்க விடவில்லை. கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார், பெரிதாகிறதா என்று பார்க்க. தினமும் காலையில் ஒட்டடைக் கம்பு நுனியில் காகிதம் சுற்றிக் கூரையைத் தொட்டும் பார்க்கிறார்.

அரிசி டிரம் இன்னும் ஹாலில்தான். ஐப்பசி மழை ஒன்று போகட்டும் என்கிறார்.